அடைக்கோழியும் இளங்குஞ்சுகளும்

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. தாயின் கால் குஞ்சுக்குத் தீங்கு செய்யாது என்பது உண்மையே. ஆயினும் நம் கிராமங்களில் பொரிக்கும் குஞ்சுகளில் பல, இரண்டு மாதம் நிறைவதற்குள் மடிந்து போகின்றன. அவற்றைக் கொல்பவை குளிர், ஈரம், காகம், பருந்து, கீரி, கழிச்சல் நோய்கள் ஆகியவையே. இவற்றுள் பெரும்பாலானவை முன்யோசனையினால் தடுக்கக்கூடியவை.

இந்த இழப்பு சிறியதன்று. நான்கைந்து நாட்டுக் கோழிகளை வளர்க்கும் குடும்பத்தில், முட்டையும் குஞ்சும் விற்று வரும் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சிறுவாடாகச் சேர்கிறது. பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசரத்திற்கு வேண்டிய மருந்தும் பல வேளைகளில் அதிலிருந்தே வாங்கப்படுகின்றன. பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்து, பத்துக் குஞ்சுகள் பொரித்து, அவற்றுள் மூன்று மட்டுமே தேறுமாயின், நட்டம் ஏழு குஞ்சுகளோடு நிற்பதில்லை. அக்கோழி முட்டையிடாது கழித்த சில மாதங்களும் வீணாயின என்றே கொள்ள வேண்டும். ஆகையால், அடைக்கோழியைப் பராமரிப்பதையும் குஞ்சுகளை வளர்ப்பதையும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகக் கருதுதல் வேண்டும். முதற்பகுதியை நன்கு செய்து இரண்டாவதைக் கைவிடுவது, நாற்று நட்டுவிட்டு நீர் பாய்ச்சாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

அடை என்பது யாது?

சில மாவட்டங்களில் இதனை 'அவயம்' என்றும் கூறுவர். தொடர்ந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு முட்டைகள் வரை இட்ட நாட்டுக் கோழி, ஒரு நாள் முட்டையிடும் இடத்தை விட்டு எழ மறுக்கிறது. அருகில் சென்றால் இறகுகளைச் சிலிர்த்துக்கொள்கிறது; தொண்டைக்குள் 'கொர் கொர்' என ஒலி எழுப்புகிறது; கையை நீட்டினால் கொத்துகிறது. மார்பின் அடியில் இறகுகள் உதிர்ந்து, தோல் வெறுமையாகவும் சூடாகவும் காணப்படுகிறது. முட்டைகளுக்கு உடற்சூடு நேராகச் சென்று சேர்வதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது.

இந்த மாறுதலுக்குக் காரணம், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வெளிப்படும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் ஆகும். அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்கார் ரிடிலும் அவருடன் பணியாற்றியோரும் 1935ஆம் ஆண்டில், இந்த ஹார்மோனைச் செலுத்திக் கோழிகளை அடையில் அமரச் செய்யலாம் என்று காட்டினர். புரோலாக்டின் மிகும்போது முட்டைப்பை சுருங்குகிறது, முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. மார்புத் தோலில் முட்டைகள் படும் உணர்ச்சியும் கூட்டின் கதகதப்பும் இந்த ஹார்மோனை மேலும் சுரக்கச் செய்கின்றன. எனவே, கோழி எவ்வளவு நாள் கூட்டில் அமர்ந்திருக்கிறதோ அவ்வளவு உறுதியாக அடை நிலைபெறும்.

வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் பல தலைமுறைத் தேர்வினால் இந்த இயல்பு பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. அவை ஆண்டு முழுவதும் முட்டையிடும். தம் குஞ்சைத் தாமே பொரிக்கமாட்டா. அவற்றின் முட்டைகளுக்குப் பொரிக்கும் இயந்திரம் தேவை. மின்சாரமோ இயந்திரமோ இல்லாத வீட்டில், நம் நாட்டுக் கோழியே பொரிப்பானாகவும் செவிலியாகவும் விளங்குகிறது.

வைப்பதா, கலைப்பதா?

ஒரு கோழி அடையில் அமர்ந்தவுடன் முதல் இரண்டு நாட்களுக்குள் ஒரு முடிவு செய்தல் வேண்டும். ஒன்று, நல்ல முட்டைகளை வைத்துப் பொரிக்கச் செய்யலாம். அன்றேல் அடையைக் கலைத்துவிடலாம். இரண்டும் செய்யாமல், வெறுங்கூட்டில் வாரக்கணக்காக அமர விடுவதே பெரும் நட்டம். கோழி இளைக்கும், பேனும் செல்லும் பெருகும், முட்டையும் இராது, குஞ்சும் இராது.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும், சித்திரை, வைகாசி மாதங்களின் கடும் வெயிலும் இளங்குஞ்சுகளுக்கு ஏற்றவையல்ல. மார்கழி முதல் மாசி வரை பொரிக்கும் குஞ்சுகள் நன்கு தேறும். மும்பை போன்ற மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தைத் தவிர்த்தல் நலம். பருவம் ஒவ்வாத காலத்தில் அமரும் கோழிக்கு அடையைக் கலைப்பதே தக்கது.

அடையைக் கலைக்க, கோழியின் மூக்கில் இறகைச் செருகுவதும், அதனை நீரில் அமிழ்த்துவதும், பட்டினி போடுவதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. இவை துன்பம் தருபவை; அவசியமும் அல்ல. கம்பிவலை அல்லது மூங்கிற் பட்டைகளால் ஆன அடித்தளம் உடைய ஒரு கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வைத்து, வைக்கோல் எதுவும் இடாமல், வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் கோழியை அதனுள் விடவேண்டும். தீனியும் நீரும் குறைவின்றித் தரவேண்டும். அடியில் காற்றோட்டம் இருப்பதால் மார்பின் சூடு தணிகிறது. கூடு கண்ணில் படாததால் புரோலாக்டின் குறைகிறது. சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாட்களில் அடை தெளிந்துவிடும். முட்டைகளை அன்றாடம் எடுத்துவிடுவது அடை விழுவதையே ஓரளவு தள்ளிப்போடும்.

முட்டைகளைத் தேர்ந்தெடுத்தல்

சேவலுடன் சேர்ந்த கோழியின் முட்டையே பொரிக்கும். பத்துக் கோழிகளுக்கு ஒரு நல்ல சேவல் போதுமானது. மிகச் சிறியதும் மிகப் பெரியதும், ஓடு கீறியதும், வடிவம் கோணியதும் அடைக்கு ஆகா. அழுக்கான முட்டையைக் கழுவி வைப்பதும் தவறு. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் நீரினால் கரைந்து, நுண்துளைகளின் வழியே கிருமிகள் உட்புகும்.

முட்டை இடப்படும்போதே அதனுள் கரு வளரத் தொடங்கியிருக்கிறது. வெளியே குளிர்ந்தவுடன் வளர்ச்சி நின்று உறங்குகிறது. சுமார் 21 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அக்கரு அரைகுறையாக வளர முற்பட்டு மடிகிறது. கோடையில் அடை வைத்த முட்டைகள் பல கூமுட்டையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே, குளிர்காலத்தில் ஏழு நாட்களுக்கு மேலும், கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கு மேலும் சேர்த்து வைத்த முட்டைகளை அடைக்கு வைக்கலாகாது. ஈரமணலின் மேல் ஒரு மண்பானையை வைத்து, அதனுள் உலர்ந்த மணலோ சாம்பலோ இட்டு, முட்டைகளைக் கூர்முனை கீழாக இருக்கும்படி அடுக்குவது குளிர்ச்சியைக் காக்கும் எளிய முறையாகும்.

இருபத்தொரு நாட்கள்

அகன்ற மூங்கிற்கூடையில் மணலோ சாம்பலோ பரப்பி, அதன்மேல் மெல்லிய வைக்கோலைக் குழிவாக அமைத்து, அமைதியான இருண்ட மூலையில் வைக்கவேண்டும். கோழியைப் பேன் நீங்கச் சாம்பலில் புரளவிட்ட பின்னரே அமர்த்துதல் நலம். பேன் மிகுந்த கோழி இடையில் எழுந்துவிடக்கூடும். மாலை இருட்டியபின் முட்டைகளை வைத்தால் கோழி மிரளாமல் ஏற்கும். நாட்டுக் கோழியின் உடலுக்குள் முழுமையாக அடங்கும் அளவே முட்டைகள் இருத்தல் வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை போதும். பதினைந்து முட்டைகளை வைத்தால், ஓரத்து முட்டை குளிரும். மறுநாள் அது நடுவே சென்று வேறொன்று ஓரத்திற்கு வரும். இவ்வாறு பலவும் கெடும்.

இடி இடித்தால் முட்டை கெடும் என அஞ்சி, கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இதனால் தீங்கில்லை; ஆனால் இடியோசை கருவைக் கொல்வதில்லை. இடியுடன் வரும் மழை கூடையை நனைப்பதும், வெருண்ட கோழி நெடுநேரம் எழுந்து நிற்பதுமே கேடு விளைப்பவை. களப்பணியாளர் இந்த நம்பிக்கையை ஏளனம் செய்யாமல், கூடையின் மேற்கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்வதே பயன்தரும்.

முட்டைக்குள் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவவேண்டும். கோழி நாள்தோறும் பலமுறை முட்டைகளைப் புரட்டுகிறது. அவ்வாறு புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு மடியும். அடைக்கோழியைத் தினமும் ஒருமுறை பதினைந்து இருபது நிமிடம் வெளியே விட்டு, கம்பு, சோளம் போன்ற முழுத் தானியமும் தூய நீரும் அளித்து, எச்சமிடச் செய்யவேண்டும். தானாக எழாத கோழியை மெதுவாகத் தூக்கி விடவேண்டும். இறக்கைக்கடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை முட்டையின் அகன்ற முனையில் பாய்ச்சிப் பார்க்கலாம். சிலந்தி வலை போன்ற சிவந்த நரம்புகளும் நடுவே கரும்புள்ளியும் தெரிந்தால் கரு உயிருடன் உள்ளது. தெளிவாகத் தெரிந்தால் அது கருவுறா முட்டை. சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. பின்னிரண்டையும் நீக்கிவிடவேண்டும், அழுகிய முட்டை வெடித்தால் மற்றவற்றையும் கெடுக்கும். ஒரே நாளில் இரண்டு கோழிகளை அடை வைத்திருந்தால், தேறிய முட்டைகளை ஒன்றின் கீழ் சேர்த்துவிட்டு மற்றதை விடுவிக்கவும் கூடும்.

பொரிக்கும் நாள்

பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டைகளைத் தொடுதலும் நீரில் மிதக்கவிட்டுச் சோதித்தலும் கூடாது. பத்தொன்பது, இருபதாம் நாட்களில் எஞ்சிய மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பின்னர் காற்றறையைத் துளைத்து முதல் மூச்சை விடுகிறது. அதன் பின்னரே ஓட்டை உடைக்கிறது. இந்த இடைவேளையில் இரத்தக் குழாய்கள் படிப்படியாக வற்றவேண்டும். குஞ்சுக்கு உதவுவதாக எண்ணி ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு மடியும்.

உள்ளிழுத்த மஞ்சட்கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகிறது. முதலில் பொரித்த குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் அடியில் காத்திருப்பதற்கென்று இயற்கை அளித்த கட்டுச்சோறு அது. ஆகையால் குஞ்சுகள் உலர்ந்து கொழுகொழுவென்று ஆகும்வரை அவற்றைக் கலைக்கவேண்டா.

முதல் நான்கு வாரங்கள்

பிறந்த குஞ்சின் மெல்லிய தூவி குளிரைத் தாங்காது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் அது தன் உடற்சூட்டைத் தானே நிலைநிறுத்திக்கொள்ள இயலாது. தாயுடன் திரியும் குஞ்சு காலைப் பனியிலும் ஈரப் புல்லிலும் நனைந்து விறைக்கிறது. பின்தங்கியதைக் காகம் கொத்திச் செல்கிறது. முதல் இரு வாரங்களாவது தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்திலோ வலையிட்ட கூண்டிலோ அடைத்து வைத்து, அங்கேயே தீனி தருவது குஞ்சுகளைக் காக்கும் மிக மலிவான வழியாகும்.

குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து விளக்குச் சூட்டில் வளர்ப்பது இன்னொரு வழி. அட்டையாலோ தகரத்தாலோ வட்டமான தடுப்பு அமைத்து, உலர்ந்த உமியை இரண்டு அங்குலம் பரப்பி, முப்பது குஞ்சுகளுக்கு 60 வாட் குமிழ் விளக்கு ஒன்றைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் தொங்கவிடலாம். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தரா. இழையுள்ள பழைய வகைக் குமிழே இதற்கு ஏற்றது. மூடிய அறையில் கரியடுப்பை வைத்தல் ஆபத்து. அதன் நச்சுவாயு குஞ்சுகளையும் மனிதரையும் கொல்லக்கூடியது.

முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும், பின் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைவாகவும் இருத்தல் வேண்டும். வெப்பமானி இல்லையாயின் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் கீழ் ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கத்தினால் சூடு போதவில்லை. விலகிச் சென்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. எங்கும் பரவி, சில தின்றும் சில உறங்கியும் இருந்தால் எல்லாம் சரியாக உள்ளது. இரவு பத்து மணிக்கு ஒருமுறை சென்று பார்ப்பவரின் குஞ்சுகளே தேறும்.

முதலில் நீர், பிறகு தீனி என்பது விதி. ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கி இறவா. குருணை அரிசியும் கம்பும் மட்டும் போதா; வளரும் குஞ்சின் தீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் இதனை அளிக்கும். வாங்க இயலாதவருக்கு நம் பாட்டிமார் கையாண்ட முறை ஒன்று உண்டு. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு, நீர் தெளித்து, கரையான் உள்ள நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் அதில் கரையான் நிறைந்திருக்கும். அது குஞ்சுகளுக்கு மிகச் சிறந்த புரத உணவு. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மட்டும் ஒருபோதும் தரலாகாது.

நோய்த் தடுப்பு

வெள்ளைக்கழிச்சல் என மக்கள் கூறும் இராணிக்கெட் நோய், ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகள் அனைத்தையும் கொண்டு போகக்கூடியது. இந்தியாவில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டு கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசிலில் காணப்பட்டதும் இந்நோயே. இது வந்தபின் மருந்தில்லை, தடுப்பதொன்றே வழி. குஞ்சின் ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ்த் தோலுக்கடியில் ஊசியும் போடுதல் வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டு செல்லவேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துள் பயன்படுத்திவிட வேண்டும். வெயிலில் சூடேறிய மருந்தைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றே. சிற்றூர்களின் தேவையை எண்ணித் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீனியுடன் அளிக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது.

மூன்றாம் வாரத்திற்குப் பின் எச்சத்தில் இரத்தம் காணப்படின் அது இரத்தக் கழிச்சல் ஆகும். ஈரமான உமியில் அதன் கிருமி முதிர்கிறது. ஆதலால் நனைந்த உமியை உடனே அகற்றுவதே முதற்பாதுகாப்பு. கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் அவற்றை உண்ணாமலும் வீசி எறியாமலும் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதை நினைவிற் கொள்ளல் தகும்.

தாயை எப்போது விடுவிப்பது?

ஒரு கோழி பதினைந்து முட்டைகள் இடச் சுமார் இருபது நாட்களும், அடை காக்க இருபத்தொரு நாட்களும் ஆகின்றன. குஞ்சுகளைப் பத்து வாரம் உடன் வைத்து மேய்த்தால் மேலும் எழுபது நாட்கள். ஆக ஒரு சுற்றுக்கு நூற்றுப் பதினொரு நாட்கள். ஓராண்டில் மூன்று சுற்றுகள் மட்டுமே இயலும். மூன்றாம் வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்துத் தனியே வளர்த்து, கோழி மீண்டும் முட்டையிட இரண்டு வார ஓய்வு விட்டாலும், சுற்று எழுபத்தாறு நாட்களாகக் குறைகிறது. நான்கு சுற்றுக்கு மேல் கிடைக்கின்றன. ஆனால் குஞ்சுகளுக்குச் சூடும் தீனியும் காவலும் அளிக்க இயலாத வீட்டில் இவ்வாறு பிரிப்பது அவற்றைக் கொல்வதேயாகும். எனவே, வீட்டின் நிலையைப் பார்த்தே களப்பணியாளர் ஆலோசனை கூறுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

கிராமப் பள்ளியில் ஏழாம் நாள் முட்டையை ஒளியில் பார்ப்பதைவிடச் சிறந்த உயிரியற் பாடம் அரிது. நகரத்திலோ நிலைமை வேறு. மும்பையில் திலக் நகர், செம்பூர், தாராவி முதலிய இடங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகளில் பலர், கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போதுதான் அடைக்கோழியைக் காண்கின்றனர். கடையில் வாங்கிய முட்டையை ஏன் பொரிக்கச் செய்ய முடியாது என்று அவர்கள் கேட்பது இயல்பு. அப்பண்ணைகளில் சேவல் இல்லை என்னும் ஒரு விடையிலிருந்தே கருவுறுதல் பற்றிய பாடத்தைத் தொடங்கலாம். ஊருக்குச் செல்லும் மாணவரிடம், பாட்டி வைத்த முட்டைகள் எத்தனை, பொரித்தவை எத்தனை, திரும்பும் நாளில் உயிருடன் உள்ளவை எத்தனை என்று குறித்து வரச் சொல்லலாம். அதே நகரின் கோரேகாவ் பகுதியில், ஆரே பால் குடியிருப்பில், மத்தியக் கோழி வளர்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று உள்ளதையும் அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

களப்பணியாளரும் இம்மூன்று எண்களையே தம் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். நம் அறிக்கைகளில் பெரும்பாலும் வைத்த முட்டையும் பொரித்த குஞ்சும் இடம்பெறுகின்றன; அவற்றோடு கணக்கு முடிந்துவிடுகிறது. எட்டாம் வார இறுதியில் அந்த வீட்டின் வாயிலுக்குச் சென்று, மேயும் குஞ்சுகளை எண்ணி எழுதும் மூன்றாவது எண்ணே உண்மையான கணக்கு. அந்த எண் மூன்றிலிருந்து ஏழாக உயருமாயின், அவ்வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டுக் கலயத்தில் அதன் பயன் தெரியும்.